கழுத்தில் உறைந்த காற்று

நுழைவுத் தேர்வு நாளில் மினேகாவா பல்கலைக்கழகத்தில் இருமல் வந்தால்கூட வெளியே பனியில் போய் நின்று இருமிவிட்டு வருவார்கள். இயற்பியல் கட்டடத்தின் பம்புகளையும் மோட்டார்களையும் முதல் நாள் மாலையே நிறுத்தியாகிவிட்டது. மாடியில், பெரிய விரிவுரை அரங்கில், இருநூறு பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் கணக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த அரங்குக்கு நேர் கீழே இருந்தது தாழ்வெப்ப ஆய்வுக்கூடம்.

அங்கே உதவி ஆசிரியையாக இருந்த தொகாஷி நோபுயோவுக்கு அன்று விடுமுறை கிடையாது. கூடத்தின் மூலையில் ஆளின் மார்பு உயரத்துக்கு நிற்கும் உலோகக் குடுவையில் திரவ ஹீலியம் இருந்தது. அதைவிடக் குளிர்ந்த திரவம் உலகில் இல்லை. தேர்வு நடக்கிறது, சும்மா இரு என்று அதனிடம் சொல்ல முடியாது. வெளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வரும் வெப்பத்தில் அது சதா கொதித்துக்கொண்டே இருக்கும். கொதித்த வாயு குடுவையின் நீண்ட கழுத்து வழியே ஏறி, ரப்பர் குழாய்க்குள் புகுந்து, எண்ணெய் ஊற்றிய கண்ணாடிக் குப்பியில் குமிழி விட்டு, கடைசியில் சுவரோரம் தொங்கும் பெரிய பைக்குப் போய்ச் சேரும். கப்பலில் அமெரிக்காவிலிருந்து வரும் சரக்கு. ஒரு மூச்சளவுகூட வீணாக்க மாட்டார்கள்.

நோபுயோ காலணியைக் கழற்றிவிட்டுத் துணிச் செருப்போடு உள்ளே வந்தாள். குடுவைக்கு வெளியுறையாக இருக்கும் திரவ நைட்ரஜனை நிரப்பிவிட்டுப் போய்விடலாம் என்பதுதான் எண்ணம். கையுறையை மாட்டிக்கொண்டவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று பிடிபடவில்லை. ஜன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது. குப்பியில் குமிழி வரவில்லை.

அவள் மெல்ல அருகே போய்க் குனிந்தாள். எண்ணெய் அசையாமல் கிடந்தது. குடுவையின் தலையிலிருந்த அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் சாய்ந்து படுத்திருந்தது. விவரம் தெரியாதவர் பார்த்தால் எல்லாம் அமைதியாக இருக்கிறது என்றுதான் நினைப்பார். ஆனால் நோபுயோவுக்குத் தெரியும். உள்ளே கொதிப்பது நிற்கவே நிற்காது. வாயு வெளியே வரவில்லையென்றால் அது உள்ளேயே அடைபட்டுக்கொண்டிருக்கிறது.

சுவரில் மாட்டியிருந்த பாதரச பாரோமீட்டரைப் பார்த்தாள். நேற்றிரவு வரை பனிப்புயலில் தாழ்ந்து கிடந்த பாதரசம் இப்போது வெகு உயரத்தில் நின்றது. புயல் கடந்துபோனதும் வெளிக்காற்றின் அழுத்தம் மளமளவென்று ஏறியிருக்கிறது. அப்படி ஏறும்போது குடுவை வாயுவை வெளியே விடுவதற்குப் பதில் காற்றை உள்ளே இழுக்கும். ரப்பர் குழாயைத் தடவிப் பார்த்தாள். கழுத்தோடு சேரும் இடத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. அது போதும். உள்ளே போன காற்று அந்தக் குளிரில் கல்லாக உறைந்து கழுத்தை அடைத்துவிட்டது. அழுத்தமானியோ அடைப்புக்கு மேலே இருக்கிறது. கீழே என்ன நடக்கிறதென்று அதற்கு எப்படித் தெரியும்?

கடைசி நம்பிக்கையோடு கையுறையைக் கழற்றிக் குடுவையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். ஈரம். உலோகம் முழுக்க முத்து முத்தாக வியர்த்திருந்தது. வெற்றிடமாக இருக்கவேண்டிய இரட்டைச் சுவருக்குள்ளும் எங்கோ காற்று புகுந்திருக்கிறது. அப்படியானால் வெப்பம் துளித்துளியாக அல்ல, வாளி வாளியாக உள்ளே போகிறது.

பின்னால் கதவு கிறீச்சிட்டது. ஒனோதெரா. ஹீலியம் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர், ஐம்பதைத் தாண்டியவர், யாரிடமும் கிண்டல் இல்லாமல் பேசத் தெரியாதவர். அன்று அவருக்கு வேலை இல்லை. மகள் சிஹாரு மாடியில் தேர்வு எழுதுகிறாள். வாசல் வரை கொண்டுவந்து விட்டவருக்கு வீட்டுக்குத் திரும்பிப் போகக் கால் வரவில்லை.

"தொகாஷி சான், ஒரு மூலையில ஒண்டிக்கறேன்," என்று கிசுகிசுத்தார். "மாடிப்படிகிட்ட நின்னா அந்த ஆபீஸ் கொன்னோ என்னைப் பிச்சைக்காரனைப் பாக்கற மாதிரி பாக்கறான். பொண்ணு காலையில ஒரு வாய் சோறுகூட..."

அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அண்ணே, கழுத்து அடைச்சிருக்கு."

ஒனோதெரா குப்பியைப் பார்த்தார். குடுவையைத் தொட்டார். தொட்ட விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு, அவர் விருப்பமில்லாமலே கண்கள் மேல்கூரைக்குப் போயின. மேலே யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"எப்போலேர்ந்து?"

"விடியக்காலையில இருந்து இருக்கலாம். அழுத்தத்தைப் பதியற தாள்ல கோடு அதுவரைக்கும் நடுங்கிக்கிட்டு இருக்கு. அதுக்கப்புறம் நேர்கோடுதான்."

"தள்ளுவண்டியில ஏத்தி முற்றத்துல கொண்டுபோய் விட்டுட்டா?"

"வாசப்படியில ஒரு குலுக்கல் போதும். உள்ள இருக்கறது சூடான சுவர்ல தெறிச்சா அழுத்தம் ஒரே தாவலா தாவும். அசைக்கவே கூடாது."

"அப்போ இங்கேயே ஓட்டை போடணும்."

"போடலாம். செப்புக் குழாயைச் சூடாக்கி உள்ள விட்டு, ஹீலியம் வாயுவை ஊதி உருக்கலாம். ஆனா திறந்துக்கிட்டா கத்தும் அண்ணே. ரயில் ஊதற மாதிரி கத்தும்."

மேலே இருநூறு பிள்ளைகள். ஒரு வருஷம், சிலர் இரண்டு வருஷம், தூக்கத்தைத் தொலைத்துப் படித்துவிட்டு இந்த ஒரு காலைப்பொழுதுக்காக வந்திருக்கிறார்கள். மத்தியான மணி அடித்தால் அவர்களே எழுந்து போய்விடுவார்கள். அதுவரை தாங்குமா? நோபுயோ கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். உள்ளே எவ்வளவு திரவம் இருக்கிறதென்று தெரியும். வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகிறதென்று தெரியாது. உள்சுவர் எவ்வளவு தாங்கும் என்பதும் தெரியாது. வேறொரு ஆய்வுக்கூடத்தில் உழைத்துத் தேய்ந்தபின் இங்கே வந்த பழைய குடுவை அது. சாயங்காலம் வரைக்கும் தாங்கலாம். இப்போதே வெடித்தும் போகலாம். சாக்பீஸ் அவள் விரலுக்குள் நொறுங்கியது.

"மணி அடிக்கற வரைக்கும் பொறுக்கலாமா?" என்றார் ஒனோதெரா. குரலில் கிண்டல் துளியும் இல்லை. "கேக்கறேன், அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியும், சிஹாருவுக்கு இது ரெண்டாவது தடவை."

"தெரியும்."

"பொறுக்கலாம்னு சொல்லுங்க, பொறுக்கறேன். கூடாதுன்னா கூடாது. என்னை முடிவெடுக்கச் சொல்லாதீங்க. இப்ப என் புத்தி என்கிட்ட இல்லை."

நோபுயோ மாடிப்படி ஏறினாள். படித் தலைப்பில் அலுவலகத்துக் கொன்னோ கையில் பட்டை கட்டிக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் குறுக்கே நீட்டினார்.

"அகாமா ப்ரொபசரைக் கூப்பிடுங்க," என்று கிசுகிசுத்தாள்.

"தேர்வு நடக்குதும்மா. மேற்பார்வையாளர் வெளியே வரக்கூடாது. விதி."

"ஆபத்து கொன்னோ சான்."

"என்ன ஆபத்து? புகை வருதா? நெருப்பா?"

"இல்லை."

"சத்தம்?"

"அதுவும் இல்லை. சத்தம் வரலைங்கறதுதான் ஆபத்து."

கொன்னோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம்கூட இருந்தது. தேர்வு நாளில் ஆசிரியர்களுக்கும் புத்தி பேதலிப்பதுண்டு என்பது போல. நோபுயோ அவர் கையைப் பிடித்து விலக்கிவிட்டு, அரங்கின் கதவுக் கண்ணாடியில் நகத்தால் தட்டினாள். இங்கே வேலை பார்த்த பதினோரு வருஷத்தில் அவள் யாரையும் தொட்டு விலக்கியதில்லை.

அகாமா வெளியே வந்து கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்தினார். மெலிந்த, நரைத்த மனிதர். அவள் சொல்வதைத் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நிச்சயமா வெடிக்குமாம்மா?"

"தெரியாது சார்."

"மத்தியானம் வரைக்கும் தாங்க வாய்ப்பிருக்கா?"

"இருக்கு. எவ்வளவு வாய்ப்புன்னு கேட்டா எனக்குப் பதில் இல்லை."

"பாதியில எழுப்பி வெளியே அனுப்பினா என்ன ஆகும்னு தெரியுமில்ல? பெத்தவங்க, பத்திரிகை, அமைச்சகம். ஒரு பிள்ளை இன்னொண்ணுகிட்ட விடையைச் சொல்லிடுச்சுன்னு ஒரே ஒருத்தர் புகார் கொடுத்தா மொத்தத் தேர்வும் போச்சு."

"தெரியும் சார். தேர்வை இன்னொரு நாள் வெச்சுக்கலாம்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தன் கணக்கு தப்பாக இருந்தால் நாளை இந்தக் கட்டடத்தில் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் அந்த நொடியில் அவளுக்கு ஓடியது. கணக்கு சரியாக இருந்துவிட்டால் என்பதை நினைக்கவே மனம் வரவில்லை.

"போ. நான் இவங்களைக் கூட்டிட்டுப் போறேன்," என்றார் அகாமா. கொன்னோவைத் திரும்பிப் பார்த்து, "நீங்க உடற்பயிற்சி அரங்கைத் திறங்க. ஓடக்கூடாது, நடங்க," என்றார்.

கீழே திரும்பியவள் ஜன்னல் வழியே பார்த்தாள். பிள்ளைகள் வரிசையாகப் பனியில் நடந்து போனார்கள். வாய் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் எல்லோரும் உதட்டை இறுக்கிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு போனார்கள். பலர் கட்டடத்துக்குள் போடும் துணிச் செருப்போடு. ஒரு பையன் விரலைக் காற்றில் ஆட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தான். ஒரு பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். வரிசையின் நடுவில் நீலக் கம்பளிச் சட்டை போட்ட ஒருத்தி ஆய்வுக்கூடத்து ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே நின்ற அப்பாவைக் கண்டதும் அவள் நடை தடுமாறியது. ஒனோதெரா கையை மட்டும் முன்னால் ஆட்டினார், போ, போ என்று.

பிறகு இருவருக்கும் சண்டை. தணிந்த குரலில், ஆனால் நிஜச் சண்டை.

"குழாயை நான் பிடிக்கறேன். எனக்கு வயசாச்சு."

"வயசாச்சுங்கறதுதான் காரணம். உங்க கை ஆடும்."

"உங்க கை மட்டும் என்னவாம்? நீங்களே பாத்துக்கோங்க."

"அண்ணே, உங்க பொண்ணு இப்பத்தான் உங்களைப் பாத்துட்டுப் போனா. ஹீலியம் சிலிண்டர் வால்வுகிட்ட நில்லுங்க. நான் தலையசைச்சா திறங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

கனமான கருவாலி மர மேஜையைக் கவிழ்த்துக் குடுவைக்கு முன்னால் தடுப்பாக வைத்தார்கள். ஜன்னல்களை எல்லாம் திறந்தார்கள். வெல்டிங் செய்பவரின் முகமூடியை நோபுயோ மாட்டிக்கொண்டாள். கெட்டில் வெந்நீரில் சூடாக்கிய செப்புக் குழாயைத் தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டிக் கழுத்துக்குள் இறக்கினாள். முழங்கை அளவு ஆழத்தில் முட்டியது. மெல்ல அழுத்தினாள். ஒன்றுமில்லை. உருவப் பார்த்தாள். வரவில்லை. குழாய் அடைப்போடு சேர்ந்து உறைந்துவிட்டது.

"என்னாச்சு?"

"ஒட்டிக்கிச்சு."

"விட்டுட்டு வாங்க. வாங்கம்மா இங்க."

அவள் விடவில்லை. குழாயின் மேல்பகுதியில் கெட்டில் தண்ணீரைத் துணியில் நனைத்துச் சுற்றினாள். மறுபடி நனைத்தாள், மறுபடி சுற்றினாள். வெப்பம் செம்பு வழியே இறங்கட்டும் என்று காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை. முகமூடிக்குள் தன் மூச்சே தனக்கு இரைச்சலாகக் கேட்டது. குடுவைக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம் வந்தது. உலோகம் இழுபடும் சத்தம். ஒனோதெரா கண்ணை மூடிக்கொண்டார்.

குழாய் அசைந்தது. அவள் தலையசைத்தாள். வால்வு திறந்தது.

முதலில் கொசு ரீங்காரம் போல ஒரு மெல்லிய சத்தம். அது விசிலானது. அப்புறம் அடைப்பு பிய்த்துக்கொண்டு போக, செப்புக் குழாய் அவள் கையிலிருந்து பறந்து கூரையில் மோதியது. குடுவை வாயைத் திறந்து கத்தியது. அப்படி ஒரு சத்தத்தை நோபுயோ அதற்கு முன் கேட்டதில்லை. வெள்ளைப் புகை தூணாக எழுந்து கூரையில் முட்டி, நான்கு பக்கமும் விரிந்து, அறையையே மூடியது. கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் மணிக்கட்டில் தீ வைத்தது போல் சுட்டது.

"ஒனோதெரா அண்ணே," என்று கத்தினாள்.

"இங்க இருக்கேன்," என்று பதில் வந்தது. கோழிக்குஞ்சின் குரலில்.

அந்தக் கீச்சுக்குரல்தான் அவளை உலுக்கியது. அவர் நிற்கும் இடத்தில் ஹீலியம் நிறைந்துவிட்டது. மூச்சில் காற்று இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடுவார், விழுவது அவருக்கே தெரியாது. "குனிங்க அண்ணே, தரையோட வாங்க," என்றாள். அவள் குரலும் அப்படியே கீச்சிட்டது. தரையில் படுத்துத் தவழ்ந்து போய் அவர் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். இருவரும் முழங்காலால் ஊர்ந்து வாசலுக்கு வந்து பனியில் விழுந்தார்கள்.

உள்ளே கத்தல் ஓய வெகுநேரம் ஆனது. ஒனோதெரா மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்து மூச்சு வாங்கினார். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து தன் பழைய தடிமனுக்கு வந்தது.

"சாகற நேரத்துலயும் எலிக் குரல்ல கத்த வெச்சுட்டீங்களே," என்றார். பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார்.

பிள்ளைகள் மறுபடி போய் உட்கார்ந்தார்கள். இழந்த நேரத்தைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆனாலும் பத்திரிகையில் வந்தது. பெற்றோர் கடிதம் எழுதினார்கள். ஆய்வுக்கூடத்தின் ஹீலியம் முழுக்கக் காற்றோடு போனதில் இரண்டு பேரின் ஆராய்ச்சி வசந்தம் வரைக்கும் தள்ளிப்போனது. பல்கலைக்கழகம் விசாரணைக் குழு வைத்தது. நோபுயோ மணிக்கட்டுக் கட்டோடு போய் நின்றாள்.

"குடுவைக்குள்ள அழுத்தம் எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார்கள்.

"தெரியாதுங்க."

"அழுத்தமானி என்ன காட்டியது?"

"பூஜ்யம்."

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கத்தல் நீடித்த நேரத்தை வைத்து அவள் பிற்பாடு எத்தனையோ முறை கணக்குப் போட்டிருந்தாள். ஒரு முறை, மத்தியானத்துக்கு முன்பே வெடித்திருக்கும் என்று வந்தது. இன்னொரு முறை, இரவு வரைக்கும் தாங்கியிருக்கும் என்று வந்தது. இரண்டையும் குழுவிடம் சொன்னாள். வெடிப்பு விழுந்த குழாயை முன்பே மாற்றியிருக்கவேண்டும் என்பதையும் சொன்னாள். அகாமா எழுந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பியது என் முடிவு, அதே நிலை வந்தால் மறுபடி அனுப்புவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குழு அவருக்கு ஒரு கண்டனம் எழுதிக்கொடுத்தது. நோபுயோ வேலையில் நீடித்தாள்.

முடிவு ஒட்டும் நாளில் அவள் போகக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். கால் தானாகப் போய்விட்டது. பலகைக்கு முன்னால் கூட்டம். சிலர் தோளைத் தட்டிக்கொண்டார்கள், சிலர் அமைதியாக விலகிப் போனார்கள். ஒனோதெராவும் சிஹாருவும் ஒதுங்கி மரத்தடியில் நின்றிருந்தார்கள். அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"இங்கிலீஷ்ல கோட்டை விட்டுட்டா," என்றார் ஒனோதெரா முந்திக்கொண்டு. "அது ரெண்டாம் நாள் பரீட்சை. உங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தொகாஷி சான்."

நோபுயோ தலையாட்டினாள். ஆனால் சிஹாரு அப்பாவைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"கணக்கு நல்லாத்தான் எழுதினேன்," என்றாள். "அன்னிக்கு ராத்திரிதான் தூங்க முடியலை. அப்பா அந்த ரூமுக்குள்ள நின்னது, அப்புறம் அந்தச் சத்தம், அதுவே திரும்பத் திரும்பக் காதுல. காலையில இங்கிலீஷ் தாள்ல எழுத்தே ஓடலை."

"சிஹாரு," என்றார் ஒனோதெரா.

"நான் குறை சொல்லலைப்பா. அக்கா கேட்டா பொய்யா சொல்லணும்?"

"நான் கேக்கலையே," என்றாள் நோபுயோ.

"கேக்கத்தான் வந்தீங்க."

நோபுயோ மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள். எதற்கென்று கேட்பது? எழுப்பி அனுப்பியதற்கா? அப்பாவை உள்ளே நிறுத்தியதற்கா? இரண்டையும் அவள் மறுபடி செய்வாள். அப்புறம் மன்னிப்பு எதற்கு? கடைசியில், "உன் அப்பாவை வெளியே அனுப்பியிருக்கணும். வால்வுக்கு ஆள் இல்லாம முடியலை," என்றாள்.

"அனுப்பினா போயிருப்பாரா?"

"மாட்டார்."

சிஹாரு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நோபுயோ நினைத்தாள். அவள் அழவில்லை. "உங்க கையைக் காட்டுங்க," என்றாள். நோபுயோ சட்டைக் கையைச் சுருட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி வளையல் போல ஒரு சிவந்த வடு. அந்தப் பெண் அதைத் தொடாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசிக்குது," என்றாள் பிறகு. "காலையில இருந்து ஒண்ணும் இறங்கலை. இப்போ பசிக்குது."

ரயில் நிலையத்துக்கு எதிரே சோபா நூடுல்ஸ் கடை ஒன்று திறந்திருந்தது. ஒனோதெரா கதவை இழுத்துத் திறந்து, "மூணு பேர், எல்லாம் பெரிய கிண்ணம்," என்று உள்ளே குரல் கொடுத்தார். நோபுயோ ஒரு கணம் தெருவிலேயே நின்றாள். சிஹாரு திரும்பி வந்து அவள் கோட்டின் கையைப் பிடித்து, "குளிர் உள்ள வருதுக்கா," என்று இழுத்துக்கொண்டு போனாள்.